பரிமேல் இவர்ந்த வேந்தர்

மும்பை மாநகரில் வாழும் தமிழர், குதிரைமேல் அமர்ந்த அரசர் ஒருவரைக் காணாது நெடுந்தொலைவு செல்லுதல் அரிது. மாதுங்காவிலிருந்து மேற்கே தாதரை நோக்கிச் சென்றால், சிவாஜி பூங்காவில் 1966-ஆம் ஆண்டு நிறுவிய சத்திரபதி சிவாஜியின் உருவச்சிலையைக் காணலாம். வாளை ஓங்கிய கோலம் அன்று அது. கையை முன்னே நீட்டி வழிகாட்டும் கோலம். செம்பூரிலிருந்து துறைமுகப் பாதையில் இரயிலேறிக் கோட்டைப் பகுதிக்குப் போய்க் கடலோரத்தை அடைந்தால், இந்திய நுழைவாயிலுக்கு அருகே 1961-இல் நிறுவப்பெற்ற மற்றொரு சிலை நிற்கிறது. அங்கும் அவரே, குதிரைமேல். தாராவியின் சந்துகளிலோ கடைச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் அதே கோலம் வண்ணப் படமாகத் தொங்குகிறது.

இவற்றுக்கு நடுவே இன்னொரு குதிரையும் உண்டு. கோட்டைப் பகுதியில் ஓரிடத்துக்குக் ‘காலா கோடா’, அதாவது கருங்குதிரை, என்றே பெயர். வேல்ஸ் இளவரசராய் இருந்து பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னராக முடிசூடியவரின் சிலை 1879-இல் அங்கு நிறுவப்பட்டது. ஆல்பர்ட் சாசூன் என்னும் வணிகச் செல்வர் பொருள் உதவ, போம் என்னும் சிற்பி அதனைச் சமைத்தார். நாடு விடுதலை பெற்றபின், 1965-இல், அச்சிலையைப் பெயர்த்துப் பைக்குல்லாப் பூங்காவுக்குக் கொண்டு போயினர். ஆயினும் மக்கள் நாவில் இடத்தின் பெயர் மாறவில்லை. 2017-இல் அங்கே ஒரு கருங்குதிரையை மீண்டும் நிறுத்தினார்கள்; இம்முறை அதன் முதுகில் அரசர் எவரும் இல்லை. மன்னர் போனபின்னும் குதிரை நின்றது!

குதிரையும் அதன்மேல் வேந்தனுமாக அமைந்த இக்கோலம் நம் நாட்டில் எவ்வாறு உருவாயிற்று, அது எதனைச் சொல்லுகிறது என்பதே இப்பேச்சின் பொருள். வெண்கலச் சிலைகள் வருமுன் இக்கோலம் அரண்மனை ஓவியர்களின் கையில், உள்ளங்கை இரண்டினை விரித்த அளவேயான தாளில், பல தலைமுறை வளர்ந்தது. அந்த ஓவியங்களைப் படிக்கக் கற்றோமாயின், தெருவில் நிற்கும் சிலைகளையும் படிக்கலாம்.

படிப்பதற்கு நல்ல இடம் கருங்குதிரைக்கு அருகிலேயே இருக்கிறது. 1922-இல் திறக்கப்பெற்று, வேல்ஸ் இளவரசர் பெயரால் நெடுங்காலம் வழங்கி, இன்று சத்திரபதி சிவாஜி மகராஜ் பெயர் தாங்கி நிற்கும் அருங்காட்சியகம் அது. சர் ரத்தன் டாட்டா, சர் தோராப் டாட்டா ஆகிய உடன்பிறந்தார் இருவரின் சேகரிப்புகள் அதன் செல்வத்தில் பெரும்பங்கு. முகலாய, இராசபுத்திர, மலைநாட்டு, தக்காணப் பாணிகளின் சிற்றோவியங்கள் அங்கே உண்டு. அதன் இயக்குநராயிருந்த மோதி சந்திரா என்னும் அறிஞர், இவ்வோவியங்களின் அழகை மட்டுமின்றி அவை எழுதப்பட்ட முறையையும் ஆராய்ந்து நூல் செய்தவர்.

அம்முறை அறியத்தக்கது. கையால் செய்த தாளை முதலில் மழமழப்பான மணிக்கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். அணில் மயிரால் கட்டிய தூரிகை. கல்லையும் மண்ணையும் இலையையும் அரைத்து எடுத்த வண்ணம். பொன்னையும் வெள்ளியையும் பொடித்த குழம்பு. அக்பர் காலத்து ஏடுகளில் ஒரே ஓவியத்தை ஒருவர் கோட்டுருவாக வகுக்க, மற்றொருவர் வண்ணம் தீட்ட, மூன்றாமவர் முகத்தை மட்டும் எழுதியதுண்டு. முகம் எழுதுவோர் தனித் திறமை வாய்ந்தவர். உடையும் அணியும் எவரும் எழுதலாம். முகம் தவறினால் ஆளே தவறிவிடுவார் அன்றோ!

இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. ஒளி ஊடுருவும்படி மெலிதாகப் பதப்படுத்திய தோலில் நல்ல உருவங்களைப் படியெடுத்து வைத்திருப்பர். அதன் கோடுகள் நெடுகச் சிறு துளைகளிட்டுக் கரித்தூளைத் தட்டினால், அடியிலுள்ள தாளில் அதே உருவம் புள்ளிகளாய் இறங்கும். தந்தை வைத்த படியை மகன் எடுத்தாள்வான். ஆகவே ஓர் அரசர் ஏறிய குதிரையிலேயே அவர் மகனும் பேரனும் ஏறியிருக்கக் காண்போம். மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் காலங்கழிக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஒரு சட்டத்தின் வாசகம் அடுத்த சட்டத்திலும் அவ்வாறே வரும். மாறுவது பெயரும் நாளுமே. ஆயினும் அந்தப் பெயரிலும் நாளிலும் பிழை நேரக்கூடாது.

இனி ஓவியத்தையே நோக்குவோம். நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளதொரு புகழ்பெற்ற ஏடு, ஷாஜகான் குதிரைமேல் அமர்ந்த கோலம். பயாக் என்னும் ஓவியர் 1630-ஐ ஒட்டி எழுதியது. அரசர் முகம் பக்கவாட்டில் காட்டப்பட்டுள்ளது. ஏட்டைச் சுற்றிப் பொன்னும் மலருமாகக் கரை. இத்தகைய ஓவியங்களில் சில அடையாளங்கள் திரும்பத் திரும்ப வரும். தலையைச் சூழ்ந்த ஒளிவட்டம் அவற்றுள் ஒன்று. கிறித்தவ சமயத் துறவியர் அக்பர் அவைக்குக் கொணர்ந்த மேனாட்டுப் படங்களைக் கண்டபின், ஜகாங்கீர் காலந்தொட்டு முகலாய ஓவியர் அதனைத் தம் மன்னர்க்குச் சூட்டினர். குடையும் சாமரையும் ஏந்தியோர் காலால் நடப்பர். அரசர் ஒருவரே பரிமேல் இருப்பார். வெண்குதிரையாயின் அதன் காலும் வாலும் மருதாணியிட்டுச் செந்நிறமாய் இருப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: குதிரை பெரும்பாலும் பாய்வதில்லை. ஒரு முன்காலை அழகாகத் தூக்கி, கழுத்தை வளைத்து, அடங்கி நடக்கிறது. அரசர் கையில் கடிவாளம் தளர்வாய் இருக்கும். மறு கையில் ஒரு மலரோ பருந்தோ இருக்கும். அடக்குவதற்கு அரியதை எளிதாய் அடக்கியவன் எவனோ அவனே ஆளத் தக்கவன் என்பது ஓவியத்தின் பேச்சு.

இப்பேச்சு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. உரோமாபுரியில் மார்க்கஸ் ஆரேலியஸ் என்னும் பேரரசர் குதிரைமேல் கையை நீட்டி நிற்கும் வெண்கலச் சிலையும், 1548-இல் திஷியன் தீட்டிய ஐந்தாம் சார்லஸ் மன்னர் ஓவியமும் இதனையே சொல்லுகின்றன. ஆனால் நம் நாட்டு ஓவியர் குதிரைக்கும் ஓர் ஆளுமை தந்தனர். உதயபுரி அரண்மனை ஓவியங்கள் பலவற்றின் பின்புறத்தில் மன்னரின் பெயரோடு அவர் ஏறிய குதிரையின் பெயரும் எழுதப்பட்டுள்ளது. இராணா பிரதாபரை நினைப்போர் 1576-ஆம் ஆண்டின் ஹல்திகாட்டிப் போரில் அவரைச் சுமந்த சேதக்கை மறப்பதில்லை. செஞ்சியைப் பாடும் நம் நாட்டார் கதையிலும் தேசிங்கோடு பாராசாரி வந்துவிடுகிறதே!

குதிரை ஏன் அரசுரிமையின் முத்திரை ஆயிற்று? விலைதான் முதற்காரணம். தென்னாட்டுத் தட்பவெப்பமும் மேய்ச்சலும் நல்ல போர்க்குதிரையை வளர்க்க ஏற்றவையல்ல. ஆகவே அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கலமேறி அவை வந்தன. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், பேணத் தெரிந்தோர் இன்மையால் ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்தார். சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்கு ஊட்டியதைக் கண்டு அவர் வியந்திருக்கிறார். அரசாங்கப் பணம் முழுவதும் குதிரையாய்க் கரைந்த நாட்டில்தான், குதிரை வாங்கப் போன அமைச்சர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டிய கதையும், நரி பரியான கதையும் பிறக்க முடியும். மாணிக்கவாசகர் வரலாற்றை நாம் பக்தியோடு கேட்கிறோம். அதன் அடியில் ஒரு நாட்டின் வரவுசெலவுக் கணக்கும் இருக்கிறது.

தமிழகத்தில் குதிரைமேல் வேந்தர் ஓவியம் இல்லையா என்று நேயர்கள் வினவலாம். உண்டு; அதுவும் பயாக்கின் ஓவியத்துக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் சோழர் காலத்துச் சுவரோவியங்கள் உள்ளன. நாயக்கர் காலத்தில் மேற்பூசிய ஓவியங்களுக்கு அடியில் அவை மறைந்து கிடந்தன. 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர் அவற்றை வெளிப்படுத்தினார். அவற்றுள் ஒன்றில் சுந்தரர் வெள்ளானைமேல் கயிலைக்குச் செல்கிறார். அவரைப் பிரிய மனமில்லாத சேரமான் பெருமாள் குதிரைமேல் உடன் விரைகிறார்.

இங்குக் குதிரைமேல் இருப்பவர் முடியுடை வேந்தர். ஆயினும் அவர் ஆளுதற்குப் போகவில்லை. தோழரைத் தொடர்ந்து போகிறார். குதிரையின் செவியில் அவர் ஐந்தெழுத்தை ஓதியதும் அது விண்ணில் எழுந்தது என்பது புராண வரலாறு. அரசுரிமையின் முத்திரையாகிய குதிரையை நட்பின் ஊர்தியாக்கினான் நம் ஓவியன். பின்னாளில் நம் சிற்பிகள் சீரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளை நிறுத்தினர்; மதுரையில் அழகர் தங்கக் குதிரையில் வைகைக்கு இறங்குகிறார்; சிற்றூர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை நிற்கிறது. குறளுக்கு உரை கண்டவர் பெயரே பரிமேலழகர்! வடக்கே தாளில் மன்னனுக்கு ஏறிய குதிரை, தெற்கே பெரும்பாலும் தெய்வத்துக்கு ஏறியது.

இவ்விரு வழிகளும் சந்திக்கும் ஓரிடம் உண்டு. நாம் தொடங்கிய மும்பைக்கு அதுவே நம்மைத் திரும்பக் கொண்டுவரும். சிவாஜி வாழ்ந்த காலத்தை ஒட்டி எழுதப்பட்ட அவர் உருவங்கள் மிகச் சில. அவற்றுள் இலண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் உள்ளவை தக்காண நாட்டில் எழுதப்பட்டவை. குதிரைமேல் அமர்ந்த கோலத்தைத் தந்தவர் மீர் முகம்மது என்னும் ஓவியர். இவர் முகலாய இளவரசர் ஷா ஆலமின் வீட்டைச் சேர்ந்தவர். எழுதச் சொல்லிப் பெற்றவர் நிக்கோலாவோ மனுச்சி என்னும் வெனிசு நகரத்தார். 1656-இல் இந்நாட்டுக்கு வந்து, தாரா ஷுகோவின் பீரங்கிப் படையில் பணிபுரிந்து, பின்னர் மருத்துவத் தொழில் செய்து திரிந்தவர் மனுச்சி. 1665-இல் ஜெய்சிங்கின் பாசறையில் அவர் சிவாஜியை நேரில் கண்டு பேசினார். ஐரோப்பாவில் போர்த்துக்கல் மன்னரைத் தவிரப் பேரரசர் வேறிலர் என்று எண்ணியிருந்த சிவாஜிக்குப் பிற நாட்டு மன்னர்களைப் பற்றி எடுத்துரைத்ததாக அவரே எழுதியுள்ளார்.

அந்த மனுச்சி 1686-இல் எங்கு வந்து குடியேறினார்? நம் சென்னையில். அங்கு மணம் புரிந்து, பரங்கிமலையிலும் வீடு வைத்துக்கொண்டு, முதுமை வரை தமிழ்நாட்டிலேயே வாழ்ந்தார். முகலாய நாட்டை விட்டு நீங்குமுன் மீர் முகம்மதுவிடம் பெற்ற அரசர் உருவங்களின் தொகுதி, அவரோடு சென்னைக்கு வந்தது. தென்னாட்டு ஓவியரைக் கொண்டு நம் தெய்வ உருவங்களையும் விழாக்களையும் எழுதுவித்து வேறொரு தொகுதியும் சேர்த்தார். அரசர் தொகுதியை அவர் வெனிசு ஆட்சிமன்றத்துக்கு அனுப்பினார். 1797-இல் அந்நகரைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினர் அதனைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றனர். இன்றும் அது பாரிசு தேசிய நூலகத்தில் இருக்கிறது. அவர் எழுதிய வரலாற்றை வில்லியம் இர்வின் 1907, 1908 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

அவ்வேட்டின் பொருளை இனி எண்ணிப் பார்ப்போம். சிவாஜி 1680-இல் மறையும்வரை முகலாயரோடு போர் புரிந்தார். அரண்மனை வட்டாரத்தில் அவரை இகழ்ந்து பேசியோர் பலர். அவ்வரண்மனையின் சோற்றை உண்ட ஓவியன், பகைவரின் உருவத்தை எழுதும்போது என்ன செய்தான்? உருவைக் குறுக்கினானா? முகத்தைக் கோணலாக்கினானா? இல்லை. பரிமேல் ஏற்றி, முகத்தைப் பக்கவாட்டில் அமைதியாய் அமைத்து, ஆயுதம் ஏந்திய காலாட்களை உடன் நடக்கவிட்டு, ஒரு வேந்தர்க்குரிய கோலத்திலேயே எழுதினான். வாள் மறுத்த உரிமையைத் தூரிகை மறுக்கவில்லை. அரண்மனை ஓவிய மரபின் ஆகப் பெரிய சிறப்பு பொன்னிலும் மணியிலும் இல்லை; இந்த நேர்மையிலேயே இருக்கிறது என்பது நம் கருத்து.

மராட்டியக் குதிரையின் குளம்படி தமிழ் மண்ணிலும் பதிந்ததே. 1677-இல் சிவாஜி தெற்கே வந்து செஞ்சியைக் கொண்டார். அதற்கு முன்பே அவர் தம்பி ஏகோஜி தஞ்சையில் அரசு நிறுவியிருந்தார். சிவாஜியின் மகன் இராஜாராம் செஞ்சிக் கோட்டையிலிருந்து பல ஆண்டுகள் முகலாயப் படையை எதிர்த்தார். 1698-இல்தான் கோட்டை வீழ்ந்தது. தஞ்சை மராட்டியர் போற்றி வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தில் வண்ணப் படங்களுடன் கூடிய அசுவ சாத்திரச் சுவடி உள்ளது. நகுலன் பெயரால் வழங்கும் அந்நூலை அந்நூலகத்தார் 1952-இல் அச்சிட்டனர். குதிரையின் சுழியும் நிறமும் நடையும் இன்னவென விளக்கும் அதனைப் புரட்டினால், அரண்மனை ஓவியன் குதிரையை எத்துணை நுட்பமாய் நோக்கினான் என்பது விளங்கும்.

இவற்றையெல்லாம் இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பிற மாநிலத்தில் வாழ்வோர்க்கு ஒரு கேள்வி ஓயாது எழும். இவ்வூரின் பெருமையில் நமக்குப் பங்கு உண்டா? 1966-ஐ அடுத்த சில ஆண்டுகளில் இம்மாநகரில் தென்னாட்டவர்மீது கசப்பு எழுந்ததையும், உணவு விடுதிகளும் கடைகளும் தாக்கப்பட்டதையும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். குதிரைமேல் அமர்ந்த அந்த வீரரின் பெயரே அந்நாளில் நம்மவர் சிலர்க்கு அச்சம் தரும் ஒலியாக இருந்தது. அச்சத்தால் சிலர் சிலையைப் பார்க்காமலே கடந்தனர். வேறு சிலர், இது நம்முடையதன்று என்று ஒதுங்கினர். இரண்டுமே இழப்பு.

உண்மை வேறாக இருக்கிறது. அவருடைய பரிமேல் உருவத்தை எழுதியவர் பகைவர் வீட்டு முசுலிம் ஓவியர், எழுதுவித்தவர் இத்தாலியர், அதனைப் பேணிக் கடல் கடத்தி அனுப்பிய இடம் சென்னை. மராட்டியர் போற்றும் ஓர் உருவம் பிழைத்திருப்பதற்குத் தமிழ்நாட்டுக் கடற்கரையும் ஒருவகையில் துணை நின்றது. இதனால் நாம் உரிமை கொண்டாட வேண்டுவதில்லை. ஆனால் அயலாராய் நின்று நோக்கவும் வேண்டுவதில்லை. ஓர் இனத்தாரின் பெருமகனை மற்றோர் இனத்தார் நேர்மையாய் நோக்கவியலும் என்பதற்கு அந்தச் சிறு தாளே சான்று. மீர் முகம்மதுவுக்கு இயன்றது நமக்கு இயலாதா? நம் அண்டை வீட்டார்க்கும் இயலாதா? சேரமானின் குதிரையை அவர்களுக்கு நாமும், சிவாஜியின் குதிரையை நமக்கு அவர்களும் எடுத்துக்காட்டுதல் எளிய தொண்டு, ஆயினும் நற்றொண்டு.

ஆதலால் விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். ஓவியத்தின் முன் அவர்களைச் சற்று நேரம் நிற்கச் செய்யுங்கள். குதிரை பாய்கிறதா, நடக்கிறதா? கடிவாளம் இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? உடன் நடப்போர் யாவர்? முகத்தை எழுதிய கை அன்போடு எழுதியதா, அச்சத்தோடு எழுதியதா? இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, தெருவில் நிற்கும் எந்தச் சிலையையும் வெறுப்பின்றி நோக்கும். மயக்கமும் இன்றி நோக்கும். வாழவந்த ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதற்கு அந்தப் பார்வை பெருந்துணை.